ஓடும் வண்டியில் ஊறும் மின்சாரம்



நம் நகரச் சாலைகளில் இன்று ஒரு புதுவகை மோட்டார் வண்டியைக் காண்கிறோம். புறத்தோற்றத்தில் அது மற்ற வண்டிகளைப் போன்றதே. மற்ற வண்டிகளைப் போலவே அதற்கும் பெட்ரோல் ஊற்றுகின்றனர். ஆயினும், நாற்சந்தியில் சிவப்பு விளக்கைக் கண்டு நின்றதும் அதன் என்ஜின் அடங்கிவிடுகிறது. பச்சை விளக்கு எரிந்ததும் வண்டி ஓசையின்றி நகர்கிறது. அந்நேரத்தில் அதனை நகர்த்துவது ஒரு மின் மோட்டார். அம்மோட்டாருக்கு மின்சாரம் தருவது ஒரு பாட்டரி. என்ஜின், மின் மோட்டார் என்னும் இரண்டினாலும் இயங்குவதால் இதனை ஹைபிரிட் வண்டி என்கின்றனர். நாம் கலப்பின வண்டி என்று கூறுவோம்.

இவ்வண்டியைப் பற்றி மாணவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கைப்பேசியின் பாட்டரிக்கு நாள்தோறும் மின்சாரம் ஏற்றுகிறோம். இவ்வண்டியையோ ஒருவரும் எந்த மின்னிணைப்பிலும் செருகுவதில்லை. அது ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது, பாட்டரியும் தீர்ந்துபோவதில்லை. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" என்பதே அக்கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால், இதற்குத் தவறான விடை கூறுவோரும் பலர் உளர். "வண்டி ஓட ஓட மின்சாரம் தானே உண்டாகிறது, செலவு ஒன்றுமில்லை" என்பது அவர்கள் கூறும் விடை. அது மெய்யாயின், பெட்ரோல் தொட்டியையே கழற்றி எறிந்துவிடலாமே! அவ்வாறு ஏன் செய்ய இயலாது, அங்ஙனமாயின் இவ்வண்டியால் விளையும் நன்மைதான் யாது என்ற இரண்டையும் இன்று ஆராய்வோம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை நினைவுகூர்தல் வேண்டும். 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். காந்தப் புலத்தில் கம்பிச்சுருள் ஒன்று சுழலுமானால் அச்சுருளில் மின்னோட்டம் தோன்றும். டைனமோ இயங்குவது இவ்வாறுதான். இதனைத் திருப்பிச் செய்தால், அதாவது சுருளுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தினால், சுருள் சுழலும். மின் மோட்டார் இயங்குவது இவ்வாறுதான். ஆகவே மோட்டாரும் டைனமோவும் ஒரே பொறியின் இரு முகங்கள். மின்சாரத்தைக் கொடுத்தால் அது சுழற்சியைத் தரும். சுழற்சியைக் கொடுத்தால் மின்சாரத்தைத் தரும்.

ஆனால் எதுவும் விலையின்றிக் கிடைப்பதில்லை. அந்த விலையை 1834-இல் லென்ஸ் என்னும் அறிஞர் ஒரு விதியாகக் கூறினார். தூண்டப்பட்ட மின்னோட்டம், தன்னைத் தோற்றுவித்த இயக்கத்தை எதிர்த்தே நிற்கும் என்பது அவ்விதியின் கருத்து. இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். டைனமோ பொருத்திய பழைய சைக்கிள் ஒன்று கிடைத்தால், அதன் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திச் சுழற்றுங்கள். டைனமோவைச் சக்கரத்தின்மேல் சாய்த்து விளக்கை எரியச் செய்யுங்கள். சக்கரம் விரைவில் நின்றுவிடும். பின்னர் விளக்கின் கம்பியை அகற்றிவிட்டு மீண்டும் சுழற்றுங்கள். முன்னிலும் நெடுநேரம் சுழலும். இருமுறையும் டைனமோ சக்கரத்தின்மேல்தான் உராய்கிறது. வேறுபாட்டிற்குக் காரணம், விளக்கு உண்ட மின்சாரமே. விளக்கில் தோன்றிய ஒளிக்கு விலை கொடுத்தது சக்கரத்தின் சுழற்சி. இந்தச் சிறு சோதனையை மனத்தில் இருத்திக்கொண்டால், கலப்பின வண்டியின் மறைபொருள் முழுவதும் விளங்கிவிடும்.

கலப்பின வண்டி நேற்றுத் தோன்றிய புதுமையன்று. வியன்னா நகரில் லோனர் என்பாரின் வண்டித் தொழிற்சாலையில் பணியாற்றிய பெர்டினாண்டு போர்ஷே என்னும் இளைஞர், 1900-ஆம் ஆண்டிலேயே இத்தகைய வண்டி ஒன்றை அமைத்தார். 'என்றும் உயிருள்ளது' என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் அதற்குச் 'செம்பர் விவுஸ்' என்று பெயரிட்டார். அதில் பெட்ரோல் என்ஜின்கள் டைனமோக்களைச் சுழற்றின. அவற்றில் பிறந்த மின்சாரம் சக்கரங்களில் அமைந்த மோட்டார்களை இயக்கியது. எனினும் பெட்ரோல் மலிவாயிற்று, என்ஜின்களும் செம்மையுற்றன. ஆகவே அம்முறை நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தது. 1997-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானிய நிறுவனமான டொயோட்டா, 'பிரையஸ்' என்னும் வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. பெருந்தொகையாகச் செய்யப்பட்ட முதற் கலப்பின மோட்டார் கார் அதுவே. நம் நாட்டிலும் 2022 முதல் இவ்வகை வண்டிகள் சில பரவலாக விற்பனைக்கு வந்துள்ளன.

இவ்வண்டியின் பாட்டரிக்கு மின்சாரம் இரண்டு வழிகளில் வருகிறது. முதல் வழி பிரேக்.

ஓடும் வண்டியில் இயக்க ஆற்றல் நிறைந்திருக்கிறது. 1,400 கிலோகிராம் பொருண்மையுள்ள கார் ஒன்று மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், ஓடுவதாகக் கொள்வோம். பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 2,80,000 ஜூல் என்று விடை கிடைக்கும். சாதாரணக் காரில் பிரேக்கை மிதித்தால் இவ்வளவு ஆற்றலும் என்னவாகிறது? பிரேக்கின் உராய்வில் வெப்பமாகிக் காற்றோடு போய்விடுகிறது. அவ்வெப்பத்தைக் கொண்டு ஒரு லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 96 பாகை வரை சூடேற்றலாம். சந்திக்குச் சந்தி நாம் நிறுத்தும்போதெல்லாம் ஒரு பாத்திரம் வெந்நீரைச் சாலையில் கொட்டிவிட்டுச் செல்கிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வாற்றலைத் தந்த பெட்ரோலோ நாம் விலை கொடுத்து வாங்கியது.

கலப்பின வண்டியில் நடப்பது வேறு. ஓட்டுபவர் பிரேக்கை மெல்ல மிதித்ததும், அதுவரை சக்கரத்தைச் சுழற்றிய மின் மோட்டார், தொழிலை மாற்றிக்கொண்டு டைனமோவாகிவிடுகிறது. இப்போது சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. மின்சாரம் பிறக்கிறது. லென்ஸ் விதிப்படி அம்மின்னோட்டம் சுழற்சியை எதிர்க்கிறது; அந்த எதிர்ப்பே வண்டியை மெதுவாக்கும் பிரேக்காகவும் அமைகிறது. சைக்கிள் சக்கரத்தை விளக்கு நிறுத்தியது போலவே, காரின் சக்கரத்தைப் பாட்டரி நிறுத்துகிறது. மோட்டாரிலிருந்து வருவது மாறு மின்னோட்டம்; பாட்டரி ஏற்பதோ நேர் மின்னோட்டம். ஆகவே இடையில் உள்ள மின்னணுக் கருவி ஒன்று முன்னதைப் பின்னதாக மாற்றித் தருகிறது. இம்முறைக்கு மீட்பு பிரேக் என்று பெயரிடலாம். வண்டி மிக மெதுவாகி நிற்கும் தறுவாயிலும், ஓட்டுபவர் திடீரென்று அழுத்தி மிதிக்கும்போதும் பழைய உராய்வு பிரேக்கே துணைக்கு வருகிறது. எத்துணைப் பங்கு எதற்கு என்பதை வண்டியின் கணிப்பொறி நொடிதோறும் முடிவு செய்கிறது.

அவ்வாறாயின் 2,80,000 ஜூலும் திரும்பக் கிடைக்குமா? கிடையாது. சக்கரத்திலிருந்து மின்சாரமாகும்போது ஓர் இழப்பு. பாட்டரியில் ஏறும்போது ஓர் இழப்பு. இறங்கும்போது ஓர் இழப்பு. மீண்டும் சுழற்சியாகும்போது ஓர் இழப்பு. கணக்கிற்காக ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கு போகிறது என்று கொள்வோம். முதற்படியில் 2,52,000 எஞ்சும். நான்காம் படி முடிவில் ஏறக்குறைய 1,84,000 ஜூல் எஞ்சும். மூன்றில் இரண்டு பங்கிற்குச் சற்றுக் குறைவு. காற்றின் தடையும் டயரின் தடையும் உண்டதை இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை. அவற்றை எந்தப் பொறியாலும் மீட்க இயலாது. எனினும், முழுவதும் போவதினும் பெரும்பகுதி மீள்வது நன்றன்றோ?

இங்கே ஓட்டுபவரின் பழக்கமும் கணக்கில் சேர்கிறது. அந்த 2,80,000 ஜூலை 14 வினாடிகளில் மெல்ல நிறுத்திப் பெற்றால் பாட்டரிக்கு வினாடிக்கு 20,000 ஜூல், அதாவது 20 கிலோவாட் வருகிறது. நான்கே வினாடிகளில் நிறுத்தினால் 70 கிலோவாட் பாய்ந்து வரும். சிறிய பாட்டரியால் அவ்வளவு பெரிய வெள்ளத்தை ஏற்க இயலாது. எஞ்சியது உராய்வு பிரேக்கில் வெப்பமாகிவிடும். சிறு மதகின் வழியே மெல்ல விடும் நீர் வயலுக்குப் போகும். கரையை உடைத்துப் பாயும் நீர் வீணாகும். முன்னோக்கிப் பார்த்து, தொலைவிலேயே காலை எடுத்து, மெல்ல நிறுத்துபவரின் வண்டியில் பாட்டரி நன்கு நிறைகிறது. ஒரே வண்டி, ஒரே சாலை. ஆயினும் இருவர் ஓட்டினால் பெட்ரோல் செலவு வேறுபடுவதற்கு இஃதொரு காரணம்.

இனி இரண்டாம் வழியைப் பார்ப்போம். அது என்ஜின். பெட்ரோல் என்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. தக்க சுமை இருக்கும்போதே அது திறம்பட உழைக்கும். முற்காலத்தில் கிணற்றில் கமலை கட்டி நீர் இறைத்தனர். சால் நிறைந்து வந்தாலும் அரைகுறையாக வந்தாலும் மாடுகள் நடக்கும் தொலைவு ஒன்றே. அரைச் சால் நீருக்கு முழு நடை நடப்பது வீண். என்ஜினும் அத்தகையதே. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அதற்குச் சுமை மிகக் குறைவு. ஆனால் உள்ளுறுப்புகளின் உராய்வுக்கும் காற்றை உறிஞ்சுவதற்கும் அது செலவிட வேண்டியதைச் செலவிட்டே தீரவேண்டும். அதனால் எரித்த பெட்ரோலின் வெப்பத்தில் சிறு பங்கே சக்கரத்தை அடைகிறது. தக்க சுமையில் ஓடினாலோ நிலைமை வேறு. 2015-இல் வந்த நான்காம் தலைமுறைப் பிரையஸின் என்ஜின், தன் சிறந்த நிலையில் பெட்ரோல் வெப்பத்தின் 40 சதவீதத்தை உழைப்பாக மாற்ற வல்லது என்று அதனைச் செய்தோர் அறிவித்தனர்.

ஆகவே கலப்பின வண்டியின் கணிப்பொறி ஓர் உபாயம் செய்கிறது. சுமை மிகக் குறைந்திருந்தால் என்ஜினையே நிறுத்திவிட்டு, பாட்டரியைக் கொண்டு வண்டியை ஓட்டுகிறது. பாட்டரி குறைந்ததும் என்ஜினை எழுப்பி, வண்டிக்கு வேண்டியதினும் சற்று மிகுதியாகவே உழைக்கச் செய்கிறது. அந்த மிகுதி டைனமோவைச் சுழற்றிப் பாட்டரியில் சேர்கிறது. சால் நிறைய மொண்டு, வயலுக்கு வேண்டியது போக எஞ்சிய நீரைத் தொட்டியில் தேக்குவது போன்றது இது. தொட்டி நிறைந்தபின் மாடுகளை அவிழ்த்து ஓய்வு கொடுக்கலாம்.

இவ்வாறு பங்கிடுவதற்குப் பிரையஸ் போன்ற வண்டிகளில் ஒரு நேர்த்தியான பற்சக்கரத் தொகுதி அமைந்துள்ளது. நடுவில் ஒரு பற்சக்கரம். அதனைச் சூரியன் என்பர். அதனைச் சுற்றிவரும் சிறு பற்சக்கரங்கள் கோள்கள். இவையனைத்தையும் தழுவி வெளியே ஒரு பல்வளையம். என்ஜின் கோள்களைத் தாங்கும் சட்டத்தோடு இணைந்துள்ளது. பல்வளையம் சக்கரங்களையும் பெரிய மோட்டாரையும் இயக்குகிறது. சூரியனோடு இணைந்தது மற்றொரு மோட்டார். அது பெரும்பாலும் டைனமோவாக வேலை செய்கிறது. என்ஜினின் முறுக்குவிசையில் ஏறக்குறைய 72 பங்கு பல்வளையத்திற்கும் 28 பங்கு சூரியனுக்கும் பிரிந்து செல்கிறது. இப்பங்கீட்டைப் பற்களின் எண்ணிக்கையே நிர்ணயிக்கிறது. வண்டி நெரிசலில் நெடுநேரம் நிற்கும்போது, குளிர்சாதனம் பாட்டரியைக் கரைத்துவிட்டால், என்ஜின் தானே இயங்கி இந்த டைனமோவைச் சுழற்றும். சற்றுநேரம் சென்றதும் தானே அடங்கும். வண்டி நின்றிருக்கையில் என்ஜின் திடீரென்று உயிர்பெறுவதைக் கண்டு சிலர் அஞ்சுவர். அது பழுதன்று, பாட்டரியை நிரப்பும் பணி.

இனி அந்தப் பாட்டரியைச் சற்றுக் காண்போம். 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பிரையஸை எடுத்துக்கொள்வோம். அதில் நிக்கல் உலோக ஹைடிரைடு கலங்கள் 168 வரிசையாக இணைந்துள்ளன. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், ஆக மொத்தம் 201.6 வோல்ட். அதில் அடங்கும் ஆற்றல் ஏறக்குறைய 1.3 யூனிட். வீட்டு மின்கணக்கில் நாம் கூறும் அதே யூனிட்தான். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல் ஆகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 320 லட்சம் ஜூல் வெப்பம் வரும். ஆகவே அந்தப் பாட்டரி முழுவதும் நிறைந்தாலும் அதிலுள்ளது ஒரு லிட்டர் பெட்ரோலின் ஏழில் ஒரு பங்கு ஆற்றலே. அதையும் முழுவதுமாகப் பயன்படுத்துவதில்லை. முற்றிலும் நிரப்பினாலும் முற்றிலும் வடித்தாலும் பாட்டரியின் ஆயுள் குறையும். ஆதலால் பெரும்பாலும் 40 சதவீதத்திற்கும் 80 சதவீதத்திற்கும் இடையிலேயே கணிப்பொறி அதனை வைத்துக் காக்கிறது. இச்சிக்கனத்தினால் அந்தப் பாட்டரி பல்லாண்டுகள் உழைக்கிறது.

பாட்டரி சிறிதாயிருப்பதன் விளைவை மலைப்பாதையில் காணலாம். உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். நாம் முன்பு எடுத்துக்கொண்ட 1,400 கிலோகிராம் கார் அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏழு யூனிட்டுக்கும் மேல். பாட்டரியோ ஒன்றேகால் யூனிட்டைச் சற்றே கடந்தது. அதிலும் பாதியளவே புதிதாக ஏற்கும். ஆகவே சில வளைவுகள் கடப்பதற்குள் அது நிறைந்துவிடும். அதன்பின் வரும் ஆற்றலை என்ன செய்வது? பெட்ரோல் செலுத்தாமல் என்ஜினைச் சுழலவிட்டு, அதன் உள்தடையால் வண்டியைக் கட்டுப்படுத்துகின்றனர். இதற்கென்றே பிரையஸ் போன்ற வண்டிகளில் கியரில் ஒரு தனி நிலை உண்டு. மின்சாரம் சேர்ப்பது மலையிறக்கத்தில் முடிந்துவிடும். ஆகவே அங்கே எச்சரிக்கையும் தாழ்ந்த வேகமும் மற்ற வண்டிகளைப் போலவே இதற்கும் வேண்டும்.

மின்தொடர் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவை மீட்கும் மின்சாரத்தைச் சேமிக்க வேண்டுவதில்லை. மேலுள்ள கம்பிக்கே திருப்பி அனுப்பலாம். அதனை வேறொரு வண்டி எடுத்துக்கொள்ளும். பம்பாய்ப் பகுதியின் மேற்குத் தொடர்ச்சி மலைப்பாதையில் ஓடிய, 'முதலை' என்று பட்டப்பெயர் பெற்ற மின் என்ஜின்கள் அவ்வாறு செய்தன. இன்று சென்னை மெட்ரோ ரயிலும் அதனையே செய்கிறது.

கலப்பின வண்டிகளில் செருகு கலப்பின வண்டி என்று மற்றொரு வகையும் உண்டு. அதன் பாட்டரி பெரிது. மேற்கூறிய இரு வழிகளோடு, வீட்டு மின்னிணைப்பிலிருந்தும் அது மின்சாரம் பெறும். 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் சீனத்தின் பி.ஒய்.டி. நிறுவனம் அத்தகைய கார் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அவ்வகை வண்டியில் மட்டுமே பெட்ரோல் அல்லாத வேறோர் ஆற்றல் வெளியிலிருந்து உள்ளே வருகிறது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கூறலாம். செருகப்படாத கலப்பின வண்டியின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? முழுவதும் பெட்ரோலிலிருந்தே வருகிறது. பிரேக்கில் மீட்ட ஆற்றலும் முன்பு பெட்ரோல் கொடுத்த வேகமே. மேட்டிலிருந்து இறங்கும்போது பெற்றதும் முன்பு பெட்ரோல் கொண்டு ஏறிய ஏற்றமே. இவ்வண்டி புதிதாக ஓர் ஆற்றலையும் படைப்பதில்லை. வீணாகப் போவதைத் தடுக்கிறது. அதனால்தான் அடிக்கடி நின்று நின்று செல்லும் நகரத்தில் அதன் நன்மை மிகுதி. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்லும்போது பிரேக்கும் அரிது, என்ஜினுக்குச் சுமையும் தக்க அளவில் உள்ளது. அங்கே மீட்பதற்கு அதிகம் இல்லை.

இதனை வலியுறுத்திக் கூறக் காரணம் உண்டு. "மின்வண்டியின் சக்கரத்தில் ஒரு டைனமோவைப் பொருத்திவிட்டேன், இனி இதற்கு மின்சாரமே ஏற்ற வேண்டியதில்லை" என்று கூறுவோர் அவ்வப்போது தோன்றுகின்றனர். கேட்போர் வியக்கின்றனர், சிலர் பொருளையும் கொடுத்து ஏமாறுகின்றனர். அத்தகையோரிடம் நீங்கள் சைக்கிள் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போதே டைனமோ மின்சாரம் தருமானால், அந்த அளவிற்கும் மேலாகச் சக்கரம் தடைபடும். அத்தடையை வெல்ல மோட்டார் கூடுதலாக உழைக்க வேண்டும். நூறு பங்கு மின்சாரம் எடுத்து மோட்டாரில் 90 பங்கு சுழற்சி பெற்று, அதனை மீண்டும் டைனமோவில் செலுத்தினால் 81 பங்கே திரும்பும். சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே போகும் தொகை எவ்வாறு பெருகும்? கலப்பின வண்டியில் டைனமோ பயன்படுவது, நாம் வண்டியை நிறுத்த விரும்பும் வேளையில். அல்லது என்ஜினுக்கு உழைக்கும் திறன் மிஞ்சியுள்ள வேளையில். எந்த வேளையில் எடுப்பது என்பதை அறிந்ததே அதன் அறிவுடைமை.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் நாளை பொறியியலாளர் ஆவீர்கள். எஞ்சியோர் வண்டி வாங்குவோர் ஆவீர்கள். புதிய பொறி எதனைக் கண்டாலும் "இதன் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது?" என்னும் இரு கேள்விகளைக் கேளுங்கள். வரவையும் செலவையும் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கணக்குச் சரியானால் அந்தப் பொறியை மதியுங்கள். சரியாகாவிட்டால், அதனைக் கூறுபவர் எத்துணைப் பெரியவராயினும் ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை. இயற்கையின் கணக்கில் கடனும் இல்லை, இலவசமும் இல்லை; ஆனால் சிக்கனமாக வாழ்வோருக்கு இடம் உண்டு.